அஞ்சறைப் பெட்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டிப் பனமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கத்திற்கும் பட்டிமன்றத்திற்கும் நடுவே எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பெரிய மரங்களுக்கிடையே முளைத்த செடியின் நிலைதான் என்னுடையது. அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "கவிஞர்கள் கூடும் அவையில் சுண்ணாம்புக்கும் மெழுகுவத்திக்கும் என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியிருக்கிறார். அவற்றுள் எத்தனையை நம் பிள்ளைகள் நேரில் கண்டு பெயர் சொல்வார்கள்? பிள்ளைகளை விடுங்கள். இந்த மேடையில் இருப்பவர்களுள் எத்தனை பேர் சொல்வோம்? பொருளை உற்றுப் பார்த்த கண்ணிலிருந்துதான் அந்தப் பாட்டு பிறந்தது. அந்தக் கண்ணைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் வேலை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உரியது அன்று. இலக்கிய வட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படி அறிமுகமாகிறது? நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்ற ஐந்து தலைப்புகளாக அறிமுகமாகிறது. "காண்பன" என்ற தலைப்பின் கீழ் எழுதியிருப்பதை, ஒருமுறையும் கண்ணால் காணாமலே மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார்கள். காணாததைக் கண்டேன் என்று எழுதப் பழக்குவதற்கு அறிவியல் என்று பெயர் வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அறுபது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒருவர் என்னதான் செய்வார்? ஆனால் வீட்டில் அறுபது பிள்ளைகள் இல்லை. ஒன்றோ இரண்டோதான். அங்கே அடுப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. போதாததற்குத் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியும் இருக்கிறது.

அஞ்சறைப் பெட்டியிலிருந்தே தொடங்குவோம். மணமக்கள் வாசலுக்கு வந்தால் ஆலம் சுற்றுகிறோம். தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, ஒரு விரல் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அந்த மஞ்சள் நீர் குருதிபோல் சிவக்கிறது. நூறு திருமணங்களில் இதைப் பார்த்திருக்கிறோம். அது ஏன் சிவக்கிறது என்று கேட்ட குழந்தைக்கு, "நல்ல நேரத்தில் குறுக்கே பேசாதே" என்ற மறுமொழிதான் கிடைத்திருக்கும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மீண்டும் மஞ்சளாகும். சிவந்த ஆலத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், நிறம் திரும்பிவிடும். மறுபடியும் சுண்ணாம்பு சேர்த்தால் மறுபடியும் சிவக்கும். குழம்புக் கறை பட்ட வேட்டியில் சவர்க்காரம் போட்டால் கறை திடீரென்று சிவப்பாவதும், அலசியபின் மஞ்சளாவதும் இதே காரணத்தால்தான். வேலைக்காரி ஏதோ சாயத்தில் துவைத்துவிட்டாள் என்று சண்டை போட்ட வீடுகளும் உண்டு.

இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டால் அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். ஒரு வெள்ளைத் தாளை மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்தித் துண்டு துண்டாக நறுக்கிக் குழந்தையின் கையில் கொடுங்கள். பிறகு நீங்கள் பேசாதிருங்கள். அதுவே கிளம்பிவிடும். புளிக்கரைசல் என்ன செய்யும்? அடுப்புச் சாம்பல் கரைத்த நீர் என்ன செய்யும்? அப்பளக்காரம்? ஆப்பச்சோடா? பாட்டியின் மருந்து? மாடு குடித்து மிச்சம் வைத்த கழுநீர்? ஒரே மாலையில் அந்தக் குழந்தை வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடும். எந்தக் கட்சியிலும் சேராதவையும் சில அகப்படும். அவற்றை என்ன செய்வது என்று அது உங்களிடம் கேட்கும் நேரம்தான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய நேரம். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு இன்னொரு சாட்சி. அது புளிப்புக்குச் சிவக்கும், காரத்துக்குப் பச்சையாகும். இரண்டு சாட்சிகளும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்களா என்று பார்ப்பது குழந்தையின் வேலை.

இனி வெற்றிலைப் பெட்டிக்கு வருகிறேன். இதற்கும் நாம் கூடியிருக்கும் இந்தப் பனமலைக்கும் நேரான தொடர்பு இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குவளைத் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிறிதளவு கலக்கி இரவு முழுதும் அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் அடியில் சுண்ணாம்பு படிந்து மேலே பளிங்குபோலத் தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் வேறொரு கண்ணாடிக் குவளையில் இறுத்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலையின் காம்பு உள்ளே துளையுள்ளது, குழலுக்கு அதுவே போதும். காம்பை நீரில் விட்டு மெல்ல ஊதச் சொல்லுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். குழந்தை உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணில் தெறிக்கவும் கூடாது. சுண்ணாம்பு கண்ணுக்குப் பெரும்பகை. ஊத ஊதத் தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சில் வெளிவரும் கரியமில வாயு, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அந்த நுண்துகள்கள்தான் வெண்மை. பெரும்பாலான புத்தகங்கள் இத்தோடு முடித்துவிடுகின்றன. பொறுமையுள்ள பிள்ளை விடாமல் ஊதிக்கொண்டே போனால் பால் மறுபடியும் தெளியத் தொடங்கும். மூச்சு மிகுந்தால் அந்தக் கல் மீண்டும் கரைகிறது. மலைக்குகைகளில் நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் தூண்களாக இறக்கிவைப்பது இந்த வழியில்தான்.

ஊதாமலே இன்னொன்று செய்யலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரைத் திறந்தபடியே ஒரு நாள் வைத்துவிடுங்கள். மேற்பரப்பில் மெல்லிய ஏடு படியும். அதுவும் காற்றிலுள்ள கரியமில வாயு செய்த கல்தான்.

இப்போது மேலே அந்தக் குன்றைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாலகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் பக்கச் சிற்றறை ஒன்றில் உமையின் ஓவியம் இருக்கிறது. முடியணிந்து, ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து நிற்கும் அந்த அம்மையைக் காண வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நம் கவிஞர்கள் அந்த உருவத்தைப் பாடியிருக்கிறார்கள், இனியும் பாடுவார்கள். ஆனால் அந்த வண்ணம் எதன்மேல் நிற்கிறது? சுவரில் பூசிய சுண்ணச் சாந்தின்மேல் நிற்கிறது. பூசும்போது குழைவாக இருந்த சுண்ணாம்பு, காற்றிலிருந்த கரியமில வாயுவை நாள்தோறும் சிறிது சிறிதாக வாங்கிக் கல்லாக இறுகியது. குழந்தையின் குவளையில் ஒரு நாளில் படிந்த ஏட்டுக்கும், ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக உமையைத் தாங்கும் பூச்சுக்கும் வினை ஒன்றே. மூச்சை ஊதி நீரை வெளுக்கவைத்த பிள்ளையை அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது சுவரைத் தொடாது, அதில் தன் பெயரைக் கீறாது. "தொடாதீர்" என்ற பலகை செய்யாத வேலையை அந்தக் குவளைச் சுண்ணாம்பு நீர் செய்யும். அறிவியல் தெரிந்தால் அழகு குறைந்துவிடும் என்று அஞ்சும் கவிஞர்களிடம் எனக்கு வேறு வாதம் இல்லை.

அடுத்துச் சொல்லப்போவது ஒரு தவறான பாடம் பற்றியது. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது. தட்டிலுள்ள நீர் குவளைக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி, அது எரிந்து தீர்ந்தது, அந்த வெற்றிடத்தை நிரப்ப நீர் ஏறியது என்று எத்தனையோ புத்தகங்கள் விளக்கம் எழுதியிருக்கின்றன, பல நாடுகளிலும் பல மொழிகளிலும். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் குழந்தையிடம் இன்னும் இரண்டு மெழுகுவத்திகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஏறிய நீரைக் காட்டிலும் மூன்றுக்கு மிகுதியாக ஏறும். குவளை அதே குவளை, உள்ளே இருந்த காற்றும் அதே அளவு. உயிர்வளி தீர்ந்ததுதான் காரணமென்றால் மூன்று சுடருக்கும் ஒரே அளவுதானே ஏற வேண்டும்? இன்னும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர் மெல்லத்தான் அசைகிறது, அணைந்த பிறகுதான் விரைந்து ஏறுகிறது. குவளையைக் கவிழ்க்கும் கணத்தில் விளிம்பு வழியே குமிழிகள் வெளியேறுவதும் சில நேரம் தெரியும். சூட்டினால் காற்று விரிந்து, ஒரு பகுதி கவிழ்க்கும்போதே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்து உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்தின் பெரும்பங்கு இதனால்தான். மேலும் உயிர்வளி முழுதும் தீரும்வரை சுடர் காத்திருப்பதில்லை. சிறிது குறைந்தாலே அணைந்துவிடுகிறது. எரிந்த உயிர்வளிக்குப் பதிலாகக் கரியமில வாயு வேறு உண்டாகிறது.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட வழியில்லையா? இருக்கிறது, பொறுமை வேண்டும். துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரையோ பட்டறையில் கிடைக்கும் இரும்புத் தூளையோ நனைத்துக் குவளையின் அடியில் ஒட்டும்படி அடைத்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். துருவேறாத எஃகு நார் இதற்கு உதவாது. இரும்பு துருப்பிடிக்கும்போது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் நீர் மெல்ல ஏறிக் குவளையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்து நின்றுவிடும். சூடும் இல்லை, சுடரும் இல்லை. அரை நிமிடத்தில் கைதட்டல் வாங்கும் சோதனை தவறான விடையைத் தந்தது. யாரும் பார்க்காத இரவில் நடந்த சோதனை சரியான விடையைத் தந்தது.

இதை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுச் சோதனை என்ற பெயரில் இப்போது நடப்பவற்றுள் பெரும்பகுதி கண்கட்டு வித்தை. நுரை பொங்குகிறது, புகை வருகிறது, பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள், பெரியவர் விளக்கம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடுகிறார். பெட்டிக்கு விலை வேறு. விளக்கத்தை மறுத்துப் பார்க்கும் உரிமை பிள்ளைக்கு இல்லையென்றால் வித்தைக்காரருக்கும் அறிவியலாருக்கும் என்ன வேறுபாடு? "புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது, ஆனால் மூன்று மெழுகுவத்தி வைத்தால் அப்படி வரவில்லையே" என்று ஒரு பத்து வயதுச் சிறுமி சொல்லும்போது அவளுக்கு நாம் என்ன மறுமொழி சொல்லப் போகிறோம்? தேர்வில் புத்தக விடையை எழுது என்பதா? அல்லது, நீ கண்டதை நாளும் அளவும் போட்டு எழுதிவை, நான் கையொப்பமிடுகிறேன் என்பதா? அந்த வீட்டில் அறிவியல் வளருமா வளராதா என்பது அந்த ஒரு மறுமொழியில் அடங்கியிருக்கிறது. அதிலும் கேட்பவள் பெண்பிள்ளையாக இருந்தால், அடுக்களைக்குள் அவளை வேலை வாங்க மட்டும் அழைப்போம், ஆராய அழைக்கமாட்டோம். அஞ்சறைப் பெட்டி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மெழுகுவத்தி என்றதும் மைக்கேல் ஃபாரடேயை நினைக்காமல் இருக்க முடியாது. கொல்லர் மகன். முறையான கல்வி மிகச் சிறிது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோது, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். இலண்டன் இராயல் நிறுவனத்தில் கிறித்துமஸ் விடுமுறைகளில் சிறுவர்களுக்கென்று உரையாற்றிவந்தார். 1848-இலும், மறுபடியும் 1860-ஆம் ஆண்டின் இறுதியிலும், ஒரு மெழுகுவத்தியை மட்டும் பொருளாக வைத்துக்கொண்டு ஆறு உரைகள் நிகழ்த்தினார். இரண்டாம் முறை பேசியபோது அவருக்கு அகவை 69. மின்னியற்றியின் அடிப்படையைக் கண்டவர், உலகமே போற்றிய அறிஞர், சிறுவர்கள்முன் நின்று மெழுகு எப்படித் திரியில் ஏறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நமக்கு மெழுகுவத்தியும் வேண்டாம், அகல் இருக்கிறது. எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே இருக்கிறது. எண்ணெய் மேலேறிப் போவது எப்படி? கார்த்திகைக்குக் கார்த்திகை ஆயிரம் அகல் ஏற்றுகிறோம். திரிக்குப் பதிலாக ஒரு தென்னை ஈர்க்கை வைத்தால் எரியுமா என்று ஒரு முறையாவது பிள்ளைகளை முயலவிட்டிருக்கிறோமா?

நம்மவர்களிலும் இப்படிப்பட்டோர் உண்டு. சர். சி. வி. இராமன் நோபல் பரிசு பெற்றது ஒளிச் சிதறலுக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மிருதங்கத்தை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியது அவ்வளவாகத் தெரியாது. சாதாரணப் பறையின் ஒலி இரைச்சலாக ஒலிக்க, மிருதங்கம் மட்டும் சுருதியோடு சேர்ந்து இனிமையாக ஒலிப்பது ஏன் என்று கேட்டார். வலந்தலையின் நடுவே பூசிய கருஞ்சாந்தின் பாரம்தான் மேல்சுரங்களை இசைவான அளவுகளில் நிறுத்துகிறது என்று காட்டினார். அதைக் கண்ணுக்குக் காட்ட அவருக்குத் தேவைப்பட்டது தோலின்மேல் தூவிய மெல்லிய மணல். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும். பஜனை மடத்தில் மிருதங்கம் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் இதைச் செய்து பார்க்கலாம், வித்துவானின் அனுமதி பெற்று!

தமிழில் அறிவியலைச் சொல்லும் முயற்சி நேற்று முளைத்ததன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கினார். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு இராஜாஜி 'திண்ணை இரசாயனம்' என்றே ஒரு நூல் எழுதினார். அந்தப் பெயரைப் பாருங்கள்! ஆய்வுக்கூடத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார். பெ. நா. அப்புசாமி (1891-1986) வழக்கறிஞர். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எளிய தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதிக் குவித்தவரும். இலக்கியம் வேறு அறிவியல் வேறு என்று பங்கு பிரித்தது நம் தலைமுறைதான்.

அண்மைக்கால முயற்சிகளையும் சொல்லியாக வேண்டும். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் 'துளிர்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கியது. அதைப் படித்த பிள்ளைகள் கூடும் துளிர் இல்லங்கள் பல ஊர்களில் நடந்தன. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. தம் ஊர் ஏரியையும் தம் தெருக் கிணற்றையும் பிள்ளைகளே ஆராய்ந்து வந்து பேசுகிறார்கள். வடக்கே மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சோதனை வழியாகவே கற்பித்தது. முப்பது ஆண்டு நடந்த அதை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அந்தத் திட்டத்தில் சேர்ந்து பணியாற்றியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா. மிதிவண்டி வால்வுக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கித் தீக்குச்சிகளை அதில் செருகினார். முக்கோணம் அசையாமல் நிற்கிறது, சதுரம் சாய்ந்துவிடுகிறது. பாலத்திலும் கூரையிலும் முக்கோணங்களை ஏன் கட்டுகிறார்கள் என்று கேட்காமலே விளங்கிவிடுகிறது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை எடுத்துச் சென்றது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் மாதம் ஒருமுறை வரும் விருந்தாளி வேறு, வீட்டிலேயே இருக்கும் பாட்டி வேறு.

பனைக்குப் பெயர்பெற்ற ஊரில் நின்றுகொண்டு பனையை மறக்கலாமா? நுங்கு தின்ற கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டியைவிடச் சிறந்த சக்கரப் பாடம் எனக்குத் தெரியாது. பனையோலையை இரண்டு இதழாக மடித்துக் கருவேல முள்ளில் செருகிய காற்றாடியும் அப்படியே. இதழைச் சற்று முறுக்கினால் வேகம் கூடும், எதிர்ப்புறம் முறுக்கினால் சுற்றும் திசை மாறும். இந்த விளையாட்டுகளைப் பற்றி ஏக்கத்தோடு கவிதை எழுதுகிறோம். ஏங்குவதை நிறுத்திவிட்டு ஓர் ஓலையைக் கிழித்துப் பேரன் கையில் கொடுத்தால் என்ன?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலப் படைத்தளங்கள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. நம் பிள்ளைகளுக்கு அங்கே தேசிங்கு ராஜன் கதை தெரியும், குதிரையின் கதையும் தெரியும். கல்யாண மகாலின் மேலடுக்குகளுக்கு மண்குழாய் வழியே நீர் ஏறியதாகக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எந்திரம் இல்லாத காலத்தில் நீர் மேலே போனது எப்படி? கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பி இரண்டு பிள்ளைகள் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவர் ஏற்றினாலும் இறக்கினாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படியானால் கோட்டையில் நீர் வந்த குளம் அந்த அடுக்கைவிட உயரத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லையேல் யாரேனும் இறைத்து ஊற்றியிருக்க வேண்டும். எது உண்மை? உயரங்களை அளந்து பார்த்தால் தெரியும். அளப்பது பெரிய வேலை, ஒரு கோடை விடுமுறை முழுதும் பிடிக்கும். கோடை விடுமுறை பிறகு எதற்கு இருக்கிறது?

கோட்டையில் செய்ய இன்னொரு சோதனையும் இருக்கிறது. நாள்தோறும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கவிதைகளிலும் அப்படித்தான் எழுதுகிறோம். உண்மையில் நம் பகுதியில் ஆண்டுக்கு இரண்டே நாளில்தான் அது நிகழ்கிறது. ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி ஒரு நாள். அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இராது. ஏப்ரலில் அந்த நேரம் நம் கடிகாரத்தில் 12 மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். ஏன் சரியாக 12-க்கு வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள ஒரு தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்ற செய்தி அப்போது தானாக வந்து சேரும். அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பிள்ளை தன் ஊர் நண்பகலில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டால் அதன் நிழல் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளம் தெற்கு நோக்கி விழும். அந்த 7 சென்டிமீட்டரிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டால் நான்கு பாகைக்குச் சற்று மேல். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். மீதியைப் பெருக்கல் வாய்ப்பாடு செய்துவிடும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்ற விடைக்கு மிக அருகில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். 2200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இருந்துகொண்டு எரட்டோஸ்தனிஸ் செய்தது இதே கணக்கைத்தான். அவரிடமும் குச்சியும் நிழலும்தான் இருந்தன. தொலைபேசி இல்லை. நம் பிள்ளைகளிடம் அது இருக்கிறது, கன்னியாகுமரியில் ஒரு நண்பனும் அகப்படுவான்.

2019 டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் வந்தபோது கோவை, திண்டுக்கல் பகுதிகளில் வளையமாகத் தெரிந்தது, நம் பகுதியில் பிறையாகத் தெரிந்தது. எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நின்றவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளையாகித் தரை முழுதும் நூற்றுக்கணக்கான பிறைகளை உதிர்த்திருந்தது. சூரியனை நேரே நோக்கத் தேவையில்லை, நோக்கவும் கூடாது. தரையை நோக்கினால் போதும். கதவுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி கிடைக்காமல் போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் வட்டத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திங்கள்தோறும் நாம் கூடுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கவிதை வாசிப்புக்கு முன் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அறிவியல் படித்தவர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். விடை தெரியாத பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து குனிந்து பார்ப்பது, விடை தெரிந்தவர் நிமிர்ந்து நின்று சொல்வதைவிடப் பெரும்பாலும் நல்லது. கவிஞர்களுக்கென்று இதில் தனி வேலை ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் தாம் கண்டதைத் தம் சொல்லில் எழுதட்டும். நீர் "ஏறிக்கிச்சு" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை அடித்துத் திருத்தாதீர்கள். அது எவ்வளவு ஏறியது, எப்போது ஏறியது, எதற்குப் பிறகு ஏறியது என்று கேளுங்கள். துல்லியமான சொல்லைத் தேடும் பழக்கம் உங்களுக்கு உண்டு. அதைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்பேடுகளிலிருந்து பொறுக்கியெடுத்தவற்றை, நம் வட்டம் அடுத்து வெளியிடும் மலரில் நம் கவிதைகளோடு சேர்த்து அச்சிடலாம். ஆசிரியர் குழு இதை மறுக்காது என்று நம்புகிறேன்.

முதல் கூட்டத்தை வரும் ஏப்ரல் 22 அன்று செஞ்சியில், கல்யாண மகாலை ஒட்டிய வெட்டவெளியில் வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். குறித்த நாளில் மேகம் மூடினால் ஏமாற வேண்டாம், மறுநாளும் நிழல் மிகச் சிறியதாகவே இருக்கும். பிள்ளைக்கு ஒரு நேரான குச்சி, தூக்குக்குண்டு கட்ட ஒரு நூல், அளவுகோல், குறிப்பேடு, குடிக்கத் தண்ணீர், தலைக்குத் துண்டு. பதினோரு மணிக்கே வந்துவிடுங்கள். நிழல் சுருங்கிக்கொண்டு வருவதைத் தொடக்கத்திலிருந்தே குறித்துவர வேண்டும். இப்போது மேசைமீதுள்ள இந்தச் சுண்ணாம்பு நீரைத் தேடி முன்வரிசைப் பிள்ளைகள் வரலாம். ஆளுக்கொரு பப்பாளிக் காம்பு இருக்கிறது. ஊத மட்டும் வேண்டும், உறிஞ்சக் கூடாது.